கறி வடையும் எட்டு பாயின்ட் ரத்தமும்

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் எட்டு பாயின்ட்தான் இருக்கிறது, பத்துக்கு ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக்கொடுத்து, ஈரல், மாட்டுக்கறி எல்லாம் நன்றாகச் சாப்பிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடப்பவள், ஒரு மாதம்தானே என்று தலையாட்டினாள்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். நாளெல்லாம் இரும்பைச் சோதிக்கிற எனக்கு, மனைவி உடம்பில் கொஞ்சம் இரும்பு ஏற்றத் தெரியாதா என்ற திமிர். சென்னைக்குப் போனபோது, பர்கருக்கு நடுவில் வைக்கிற தட்டையான மாட்டுக்கறி வில்லைகள் ஒரு பாக்கெட் வாங்கினேன். ரயில் எங்கள் ஊர் ஆரம்பாக்கம் வந்து சேர்வதற்குள் அட்டையிலிருந்த பொடி எழுத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

வீட்டில் வகுப்பு ஆரம்பித்தது.

"இதுல புரோட்டீன் கீது, இரும்பு கீது, பி பன்னெண்டு கீது. கீரைல கீற இரும்ப விட இது சீக்கிரமா ஒடம்புல சேரும்."

"கொழுப்பு?"

"அதுவும் கீது."

"உப்பு?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான்.

"இன்னா மாமா, இது கறி வடைதான? இத நான் தட்டமாட்டனா?" என்றாள்.

மறுநாளிலிருந்து வாரம் நான்கு நாள் கறி வடை. கொழுப்பில்லாத கறியாகப் பார்த்துக் கொத்தி வாங்கிவருவது என் வேலை. இஞ்சியும் சோம்பும் சேர்த்து அரைத்து, தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் காட்டிச் சுடுவது அவள் வேலை. சட்டங்களை நான் போட்டேன். எலுமிச்சை பிழிந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் டீ கூடாது. ஒரு நாள் அவள் தெரியாமல் டம்ளரை எடுத்துவிட்டாள். நான் பிடுங்கி, வீணாகாமல் நானே குடித்தேன்.

வடை அபாரமாக வந்தது. "சூடு ஆறிப்பூடும், துன்னு மாமா" என்று கல்லிலிருந்து நேராக என் தட்டில் போடுவாள். தரம் பார்க்கிறவன் ஒன்றோடு நிறுத்தலாமா? எனக்கு மூன்று, பிளஸ் டூ படிக்கிற மகளுக்கு மூன்று. அதற்குப் பிறகு நான் கை கழுவப் போய்விடுவேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எட்டு பாயின்ட் ஒன்று. மெஷின்தான் கோளாறு என்று எனக்குக் கோபம் வந்தது.

"கறி சாப்டீங்களாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"வாரத்துல நாலு நாளு டாக்டர். எலுமிச்ச புழிஞ்சி. டீ கூட குடுக்கல" என்றேன்.

"நான் அவங்களத்தான் கேட்டேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "இவருக்கும் பொண்ணுக்கும் ரொம்பப் புடிச்சிப்போச்சு டாக்டர். கல்லுல ஒட்டிக்கினு கீறத சொரண்டி சோத்துல பெசஞ்சிக்குவேன்."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடை மெஷினில் ஏறச் சொன்னார். கம்பெனியில் கடைசியாகப் பார்த்ததைவிட மூன்று கிலோ கூடியிருந்தேன். வெட்கத்தில் செருப்பைத் தேடவே நேரமாயிற்று.

ஆபரேஷனை இன்னொரு மாதம் தள்ளிப் போட்டார்கள். திரும்பும்போது ரயிலில் அவளுக்கு வலி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் படித்த எனக்கு அவள் தட்டைப் பார்க்கத் தோன்றவில்லையே.

"இனிமே மொத வடை ஒனக்குத்தான். எனக்கு ஒண்ணுகூட வேணாம்" என்றேன்.

அவள் நிமிராமலே சொன்னாள். "கறிய இன்னும் ஜாஸ்தியா வாங்கினு வா மாமா. நீ துன்னாம பாத்துக்கினு இருந்தா எனக்கு எப்புடித் தொண்டைல எறங்கும்?"