வாழைமரம் கட்டிய தண்ணீர் லாரி

அந்த ஆயுத பூஜைக்கு எங்கள் தீயணைப்பு நிலையத்துத் தண்ணீர் லாரியைப் பார்த்திருக்கணும் நீங்கள்! நான்தான் டிரைவர், அலங்காரமும் என் கைதான். முன்னால் இரண்டு வாழைமரம், கண்ணாடிக்கு மேலே செவ்வந்தி மாலை, பம்பர் நிறையச் சந்தனம். பூசணிக்காயை உடைக்கக் கையை ஓங்குகிறேன், போன் வந்துவிட்டது.

வைக்கோல் படப்பு ஒன்றில் தீப்பிடித்து, சின்ன வண்டி முன்னமே போயிருந்தது. அங்கிருந்துதான் கத்துகிறார்கள்: "அண்ணாச்சி, தண்ணி தீரப்போவுது. படப்பை ஒட்டித் தொழுவம், உள்ள சினைமாடு நிக்குது. சீக்கிரம் வாங்க!"

மாலையை அவிழ்க்க ஏது நேரம்? அப்படியே எடுத்தேன் வண்டியை.

திருச்செந்தூர் ரோட்டில் ஏறினால், முன்னால் வேன் வேனாக நிற்கிறது. எல்லாம் குலசை அம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டிப் போகிற பக்தர் கூட்டங்கள், தசரா செட்டுகள். மேளம் காதைக் கிழிக்கிறது. நான் சைரனை அலறவிடுகிறேன், ஒருத்தன் அசையணுமே! வாழைமரமும் மாலையுமாகப் பார்த்ததும் எங்களையும் ஒரு தசரா வண்டி என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா லாரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "எந்த ஊரு செட்டு வே?" என்று ஒருவர் சாவகாசமாகக் கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செட்டாவது மண்ணாவது! தொழுவம் எரியுது, மாடு உள்ள கெடக்கு, ஒதுங்குங்கலே!"

அந்த மேளத்தில் யாருக்குக் கேட்கும்? பக்கத்தில் நின்ற காளி வேஷக்காரருக்குக் கேட்டது. முதுகில் கட்டிய அட்டைக் கைகள் எல்லாம் ஆட, மனுஷன் லாரிப் படியில் தாவி ஏறினார். சூலத்தை நீட்டி "ஏய்ய்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! சைரனுக்கு அசையாத ரோடு காளிக்கு அலறியடித்து வழிவிட்டது. வேன் ஒதுங்கியது, பஸ் ஒதுங்கியது. நான் ஒரே மிதி மிதித்தேன். காளியும் படியில் தொற்றிக்கொண்டே கூட வந்தார். எனக்குப் பயம் ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம்.

ஊருக்குள் நுழைந்தபோது சின்ன வண்டிக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொழுவத்துக் கூரையில் தீ ஏறிவிட்டது. பால் விற்றுப் பிழைக்கிற வீட்டுக்காரியை நாலு பெண்கள் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். "என்னைய விடுங்கட்டி, அவ வாயும் வயிறுமா நிக்கா!" என்று திமிறுகிறாள்.

குழாயை மாட்டித் திறந்தோம். தண்ணீர் சீறிக்கொண்டு போய்க் கூரையில் விழுந்தது. அப்பாடா, என்ன சத்தம் அது! கூரை அடங்கியதும் எங்கள் ஆள் ஒருவர் புகைக்குள் பாய்ந்து கயிற்றை அறுத்தார். மாடு இருமிக்கொண்டே வெளியே வந்தது.

கூட்டம் மொத்தமும் காளியைக் கையெடுத்துக் கும்பிட்டது. சரிதான், வண்டி ஓட்டியவனை யார் பார்த்தார்கள்!

வீட்டுக்காரி காளியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேரே ஓடி மாட்டின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"சவத்துமூதி, கயித்த அத்துக்கிட்டு ஓடிவரத் தெரியாதாட்டி ஒனக்கு?"

அப்புறம் அப்படியே மண்டிபோட்டு, ஈரமும் கரியுமாக இருந்த அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வெகுநேரம் கையை எடுக்காமல் இருந்தாள்.

"அசையுது," என்றாள். "யம்மா, உள்ள அசையுது!"