இடப்பக்கம் மட்டும் திரும்பிய ஏழு மாதங்கள்

நெய்னா முகம்மதுக்கு வலக்கண் மங்கத் தொடங்கியது 1962 நவம்பர் மாதம் என்பது அவருடைய பயண நோட்டைப் பார்த்தாலே தெரியும். அதற்கு முன் டன்லப் ஸ்திரீட் வீட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போய்ப் பத்தொன்பது கடைகளுக்குத் தேயிலை ஆர்டர் எடுத்துத் திரும்பினால் முப்பத்து நான்கு மைல். நவம்பர் முடிவில் அதே பத்தொன்பது கடைக்கு நாற்பத்து மூன்று மைல். கடை எதுவும் இடம் மாறவில்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் அவர் திரும்பாமல் நேரே கடந்து போய், மூன்று முறை இடப்பக்கம் திரும்பி அந்த வழியைப் பிடித்தார்.

மைல் கணக்கை அவர் மறைக்கவில்லை. ஓடியதை ஓடியபடியே எழுதினார். காரணம் எழுதும் இடத்தில் ஒருநாள் ‘சாலை வேலை’ என்றும், ஒருநாள் ‘மழை’ என்றும் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதிய பொய் அவ்வளவுதான்.

தேயிலைக் கம்பெனியில் அவர் விற்பனைக்காரர். சொந்தக் கார் வைத்து ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை. வயது ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்தில் ஓய்வு. இன்னும் இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

குற்றம் கண்ணில் இல்லை, வண்டியில்தான் என்று நினைத்துக்கொள்வதும் அவருக்கு வசதியாக இருந்தது. 1952 மார்ச் முதல் 1958 ஆகஸ்ட் வரை அவரிடம் இருந்தது ஆஸ்டின். எழுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது மைல், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை விற்றுவிட்டு இந்தச் சின்ன வண்டிக்கு மாறினார். தாழ்ந்த இருக்கை, சின்னக் கண்ணாடி. இதில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் நன்றாகத் தெரியும்? மறுபடி ஆஸ்டினுக்கே போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

1963 ஜூன் 15, சனிக்கிழமை காலை. மனைவி கதீஜாவை அழைத்துக்கொண்டு ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளர் அழகப்பன் பழைய பழக்கம்.

“வாங்க பாய்! அஞ்சு வருசமா வேற வீட்ல குடியிருந்துட்டு இப்பத்தான் சொந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சிச்சா?” என்று சிரித்தார்.

புது ஆஸ்டின் கேம்பிரிட்ஜ். வெளிர்நீலம், நான்கு கதவு, அகலமான கண்ணாடி. நெய்னா முகம்மது ஏறி உட்கார்ந்தார். இருக்கை உயரமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபோது ஏழு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

“ஓட்டிப் பாருங்க பாய். தங்கச்சி, நீங்க பின்னால சொகுசா உக்காருங்க” என்றார் அழகப்பன்.

வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினார். மறுபடி இடம். மறுபடி இடம். ஷோரூம் வாசலே வந்துவிட்டது.

“என்ன பாய், கடையவே சுத்துறீங்க? ரேஸ் கோர்ஸ் குதிரையா நீங்க? நம்ம சிராங்கூன் ரோட்டுக்கு விடுங்க லா. உங்க தெரு ஆளுங்க பாக்கட்டும்.”

கதீஜா பின்னாலிருந்து முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கியர், கிளட்ச் எல்லாம் கைகால்களுக்கு அடங்கின. சிராங்கூன் ரோட்டில் டன்லப் ஸ்திரீட் முனை வந்தது. வீட்டுக்குப் போக அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். வழக்கமாக அவர் அந்த முனையைக் கடந்து போய்விடுவார்.

“இங்கதானே பாய் உங்க வீடு? திருப்புங்க” என்றார் அழகப்பன்.

நெய்னா முகம்மது தயங்கினார். வண்டி புதிது, கண்ணாடி அகலம். திருப்பினார்.

“நிறுத்துங்க!” என்று கதீஜா அலறினாள்.

பிரேக்கை மிதித்தார். வலப்பக்கமிருந்து வந்த, ஆள் மிதித்து ஓட்டும் ஒரு டிரைஷாவின் சக்கரம் முன் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதில் கீரைக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த டிரைஷா எங்கிருந்து வந்தது என்று நெய்னா முகம்மதுக்குத் தெரியவில்லை. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

டிரைஷாக்காரர் இறங்கி வந்து பானெட்டைத் தட்டினார். “மாத்தா புத்தாகா?” என்று மலாயில் கத்தினார். கண் குருடா என்று அர்த்தம். தெருவில் நாளைக்கு நூறு பேர் நூறு பேரைக் கேட்கும் கேள்வி.

“விடுங்க பாய், இவனுங்க இப்படித்தான் குறுக்க விழுவானுங்க” என்றார் அழகப்பன்.

“அவர் மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு நெய்னா முகம்மது கதவைத் திறந்து இறங்கினார். “நீங்களே ஓட்டிட்டுப் போங்க அழகப்பன். நாங்க நடந்துக்கிறோம். உங்க கடையில நிக்கிற என் வண்டிய எடுக்க ஆள் அனுப்பறேன்.”

“வண்டி புடிக்கலையா பாய்?”

“வண்டி நல்ல வண்டி.”

கடைவாசல்களை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். கதீஜா வழக்கத்துக்கு மாறாக அவருக்கு வலப்பக்கமாக வந்தாள்.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“டீய உங்களுக்கு இடப்பக்கம் வைக்க ஆரம்பிச்சு நோன்புப் பெருநாளோட நாலு மாசம் ஆச்சு. வலப்பக்கம் வச்சா தட்டி விடுறீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லாட்டி அந்தக் கீரைக்காரம்மா போயிருக்கும்.”

வீடு வரும்வரை கதீஜா அவருக்கு வலப்பக்கத்திலேயே நடந்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் தேயிலை மாதிரி டின்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறினார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே பஸ்ஸுக்குக் காத்து நிற்பதிலேயே பொழுது போனது. உட்லண்ட்ஸில் பூவம்மாவின் மளிகைக் கடைக்கு எப்போதும் பதினொன்றரைக்குப் போகிறவர், அன்று போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால்.

“என்ன பாய், வேர்த்துக் கொட்டுது. வண்டி எங்க?”

சாலை வேலை என்ற சொல் வாய்வரை வந்தது.

“வலக்கண்ணு தெரியல பூவம்மா. ஏழு மாசமா. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லணும். வாய் வருதான்னு உங்ககிட்ட முதல்ல சொல்லிப் பாக்கறேன்.”

பூவம்மா தராசை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“சொல்லும்போது குனிஞ்சுக்கிட்டுச் சொல்லாதீங்க. திருடிட்டு வந்த ஆளாட்டம் இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க, பாப்போம்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னார். அன்று மாலை நோட்டில் கார் மைல் என்ற இடத்தில் சுழி போட்டார். பார்த்த கடைகள், பத்தொன்பதில் எட்டு. காரணம் எழுதும் இடத்தில் ‘வலக்கண்’ என்று எழுதி, காலையில் மேனேஜரிடம் காட்டுவதற்காக நோட்டைச் சட்டைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார்.