திறந்து பார்க்காமல் இருக்கமுடியாத அம்மா

அம்மா ஓரிடத்தில் ஆறுதலாக இருந்தார் என்று நான் எழுதினால், அம்மாவின் இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களாகிய நீங்கள் ஒருவரும் நம்பமாட்டீர்கள். சாவகச்சேரியில் பிறந்து, சகோதரங்களுக்கெல்லாம் மூத்தவராக வளர்ந்து, காலில் சக்கரம் பூட்டியவர் போல வாழ்ந்தவர். அப்பா முன்னரே ஜெர்மனிக்கு வந்துவிட, எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்தவரும் அவரே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம்பியோடும் என்னோடும் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்கான விசாவுக்கு வயது கூடிவிட்டதால் அண்ணாவை எங்களோடு கூட்டிவர வழி கிடைக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர் ஒருவரை நம்பி அவர் பின்னால் புறப்பட்டார்.

மொஸ்கோவிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினார். “யோசியாதேங்கோ அம்மா, கெதியிலை வந்திடுவன்” என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சன்னலுக்கும் தொலைபேசிக்கும் இடையில் நடந்து நடந்தே அம்மாவின் அந்தக் கோடை போனது. “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்றார் அப்பா. “எனக்குப் பூமி வேண்டாம். பிள்ளை வந்தாக் காணும்” என்றார் அம்மா.

மேல்மாடியில் அம்மா நடக்கும் இந்த நடையைக் கீழ்வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஜெர்மன்காரரான ஹில்டே அன்ரி. இலையுதிர் காலத்தில் ஒருநாள் கதவைத் தட்டி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்பிள் பிடுங்கப் போவோம் என்றார். ஊருக்கு வெளியே சரிவில் அவருடைய மரங்கள் நின்றன. தம்பியும் அன்ரியின் மகளும் ஏறி உலுக்கினார்கள், நான் பொறுக்கினேன். அம்மாவோ ஏணியில் ஏறி நின்று, யாரோ துரத்துவது போலப் பிடுங்கினார். கூடைகள் நிரம்பிய பிறகும் இறங்கமாட்டேன் என்றார்.

அந்தக் கிழமை அன்ரி, அப்பிளைப் போத்தலில் அடைக்கும் விதத்தைப் பழக்கினார். தோல் சீவி, வெட்டி, சீனிப் பாணி விட்டு, றப்பர் வளையமும் கண்ணாடி மூடியும் வைத்துக் கவ்வி போட்டுப் பெரிய பானையில் அவிக்கவேண்டும். ஆறியதும் கவ்வியை எடுத்தால் மூடி தானாகவே இறுகிப் பிடித்திருக்கும். அதன் பிறகு தொடவே கூடாது.

தொடாமல் இருக்க அம்மாவால் முடியுமா? ஊரில் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை நாளாந்தம் வெயிலில் வைத்து, திறந்து, கிளறிப் பார்த்துப் பழகிய கை அது. மறுநாளே றப்பரை இழுத்துத் திறந்து மணந்து பார்த்தார். எல்லாப் போத்தல்களையும் சீலையால் மூடிச் சன்னலோரம் வெயிலில் வைத்தார். சில நாட்களில் அத்தனையும் நுரைத்துப் புளித்தன.

“இஞ்சரும், திறக்க வேண்டாமெண்டு அவ சொன்னவவெல்லே?” என்று அப்பா சிரித்தார்.

“பாக்காமல் என்னெண்டு நம்புறது?” என்று கேட்ட அம்மா அப்படியே குந்தியிருந்து அழத் தொடங்கினார். அது அப்பிளுக்கான அழுகை இல்லை என்று எங்களுக்கும் விளங்கியது. ஹில்டே அன்ரி இன்னொரு கூடை அப்பிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டாம் முறை அடைத்த போத்தல்களை அம்மா திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், ஆனால் திறக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்ப் பெண்கள் பலருக்கு அவரே இதைப் பழக்கினார், திறந்து பார்க்கிறவர்களுக்கு ஏச்சும் கொடுத்தார்.

அண்ணா இறந்துவிட்டதாக எண்ணி அவருக்கு ஆத்மசாந்திக் கிரியை செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் சிலர் வந்தபோது, “அவன் செத்ததை ஆர் கண்டது?” என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். நோயில் படுத்த கடைசி நாட்களிலும், வைத்தியசாலைக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையை உயர்த்திப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், தூர இடங்களிலிருந்து வந்து சமைத்தும் கூட இருந்தும் உதவிய உறவுகள், இன்றுவரை எங்களை விட்டு விலகாத ஹில்டே அன்ரி, எல்லோருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இந்த மலரில் அண்ணாவின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடச் சொன்னார்கள். நாங்கள் போடவில்லை. உங்களில் பலர் அதே பாதையால் வந்தவர்கள். அண்ணாவைப் பற்றி ஏதேனும் தெரிந்தும், அம்மா தாங்கமாட்டார் என்று இரக்கப்பட்டு யாராவது சொல்லாமல் வைத்திருந்தால், தயவுசெய்து இனிச் சொல்லுங்கள்.