ஜெகதீஸ்வரி கழுவிக் கொடுத்த மண்

ஜெகதீஸ்வரி கழுவாமல் விட்ட பொருள் பரந்தனில் எதுவுமில்லை. பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கண்ணில் படாத தொண்ணூற்றிரண்டிலும் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தாள். விறகைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் அடுப்பில் வைப்பாள். "யாழ்ப்பாணத்துச் சுத்தம்" என்று அவள் பிறந்த ஊரைச் சொல்லி அயலில் நக்கலடித்தார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

கணவர் மயில்வாகனத்தின் வயலோ உவர் நிலம். இரண்டு போகம் பயிர் கருகி, மிஞ்சியது இரண்டு மூட்டை விதைநெல். அதுவும் கருகினால் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கும் வழியில்லை. விதைப்பதா, குத்திச் சாப்பிடுவதா? மண்ணைச் சோதித்துச் சொல்வதாக விவசாய அலுவலர் யோகநாதன் ஒரு தகரப் பேணி நிறைய மண் கேட்டிருந்தார்.

மயில்வாகனம் கொண்டுவந்த மண்ணைக் கண்டதும் ஜெகதீஸ்வரிக்கு மானம் போயிற்று. வெளியாளுக்கு இந்தக் கோலத்திலா கொடுப்பது? சுளகில் கொழித்து, கல்லும் வேரும் பொறுக்கி, அரிசி களைவதுபோல் பலமுறை களைந்து, பாயில் காயவைத்துப் பேணியில் போட்டாள்.

யோகநாதன் அதைத் தண்ணீரில் கலக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்து, ஒரு துளி மருந்து விட்டார். உப்பிருந்தால் வெளுக்கும். வெளுக்கவில்லை.

"அண்ணை, உப்பெண்ட கதையே இல்லை. விதையுங்கோ!"

மயில்வாகனம் மூட்டையை அவிழ்த்தேவிட்டார். நல்லகாலம், இந்த அதிசய வயலைப் பார்க்க யோகநாதன் சைக்கிளை விட்டார். வரம்படியெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. திரும்பி வந்தார்.

"அக்கா, மண்ணை என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. வடிவாக் கழுவித்தான் தந்தனான்."

யோகநாதன் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். பிறகு சொன்னார்: "அண்ணை, அக்கா பேணிக்குச் செய்ததை நீங்கள் வயலுக்குச் செய்யுங்கோ. மழைத்தண்ணியைக் கட்டிவைச்சு வடியவிடுங்கோ. திரும்பத் திரும்ப."

அயலே சிரித்தது. ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. மழை தொடங்கியதும் வரம்பில் நின்று, "இன்னும் ஊத்தை போகேல்லை, கட்டுங்கோ" என்று அதிகாரம் பண்ணினாள். மண்வெட்டியும் கையுமாக நின்ற மனுசனுக்கு முதுகு முறிந்தது, பாவம்.

அடுத்த சோதனைக்குக் கழுவாத மண்தான் வேண்டும் என்று யோகநாதன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜெகதீஸ்வரி பேணியைத் துணியால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

"ஆரும் கேட்டால் எங்கட மண் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, தம்பி."

துளி விழுந்தது. மெல்லிய புகைபோல ஏதோ கலங்கி நின்றது.

"உப்பு கொஞ்சம்தான் மிச்சம். கழுவினது காணும் அண்ணை, இனி விதைக்கலாம்."

மயில்வாகனம் மூட்டையில் கைவைத்தபடி அழுதேவிட்டார். ஜெகதீஸ்வரி மட்டும் போத்தலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஒருக்கால் அலசித் தந்திருந்தால் அந்தக் கலங்கலும் இருந்திராது" என்றாள்.