அப்பாவைத் திருப்பிக் கேட்ட வெள்ளிக்கிழமை

எலுமிச்சம்பழமும் சாம்பிராணியும் சுருட்டுப் புகையும் கலந்த ஒரு வாசம், சுவா சூ காங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுத் திரைச்சீலைகளில் வெள்ளிக்கிழமை ஏறினால், திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை இறங்காது. அப்பாவுக்குச் சுருட்டுப் பழக்கமெல்லாம் கிடையாது. துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அவர் வாரம் முழுக்கப் பேசும் பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். சுருட்டு கேட்டது அவர்மேல் வரும் முனீஸ்வரர்.

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று சன்னல்களைச் சாத்திவிட்டுச் சித்தப்பா உடுக்கையை மெதுவாகத்தான் தட்டுவார். ஆனாலும் அப்பாவின் கால்விரல்கள் நடுங்கத் தொடங்கி, நடுக்கம் முழங்காலுக்கு ஏறி, சற்று நேரத்தில் ஆளே மாறிப்போவார். 'அருள்' வந்த அப்பா வாய்விட்டுச் சிரிப்பார், வேலை போனவர்களுக்கும் பிள்ளை வரம் கேட்பவர்களுக்கும் 'வாக்கு' சொல்வார், என் தலையில் கைவைத்து 'என் குலக்கொழுந்தே' என்பார். அருள் இறங்கியதும் எதுவும் அவருக்கு நினைவிருக்காது. எனக்கு அப்பாவைவிட முனீஸ்வரரிடம்தான் சலுகை அதிகம் என்று அம்மா கேலி செய்வார், அது உண்மையும்கூட.

நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, அருள் இறங்கிய பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் மாரடைப்பு என்றார்கள். இன்னொரு முறை இப்படி ஆடினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்.

வீடு திரும்பிய அப்பாவோ, சாமியிடம் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். சாமியிடம் சொல்லவேண்டுமானால் சாமி வரவேண்டும். வருவதென்றால் அப்பாவின் உடம்பில்தான் வரவேண்டும். "ஒரே ஒரு தடவை, அண்ணி. மெதுவா அடிச்சு உத்தரவு வாங்கிட்டு விட்டுடுறேன்," என்றார் சித்தப்பா. "அந்த ஒரு தடவையும் கிடையாது," என்றார் அம்மா. தலையில் வைத்த அந்தக் கையும் வேண்டும், அப்பாவும் வேண்டும் என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வழி சொன்னவர் கீழ்மாடிச் சீனர் லிம் அங்கிள். டாக்சி ஓட்டியவர். தம் மகனுக்கு நோய் தீர்ந்ததிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு ஊதுபத்தியோடு வந்து, வந்த இடத்தில் கொஞ்சம் தமிழும் பிடித்துக்கொண்டவர். "ஆட வேணாம் லா. நம்ம கட்டையில கேக்கலாம்," என்று தம் வீட்டுச் சாமிமேடையில் இருந்த இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்தார். ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, பிறைநிலா வடிவம். கேள்வியைச் சொல்லிக் கீழே போட, ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் மேல்பார்த்து விழுந்தால் சாமிக்குச் சம்மதம். சீனக் கட்டைக்கு நம் முனீஸ்வரர் பதில் சொல்வாரா என்று சித்தப்பா இழுத்தார். "எல்லாருக்கும் சொல்றாரு, இவருக்குச் சொல்லமாட்டாரா?" என்றார் அப்பா, அவ்வளவுதான்.

அப்பாவை விட்டுவிடச் சம்மதமா என்று கேட்டு அங்கிள் போட்டார். முதல்முறை இரண்டும் தட்டைப் பக்கம் காட்டின. "சாமி சிரிக்குது," என்றார் அங்கிள். "சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சுட்டுப் பதில் சொல்லட்டும்," என்றார் அம்மா. அடுத்தமுறை இரண்டும் உருண்டை. முடியாது என்று பொருள். சித்தப்பாவின் கை உடுக்கை இருந்த பக்கம் நகர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அம்மா கட்டைகளை வாங்கிக்கொண்டு முனீஸ்வரர் படத்துக்கு நேரே உட்கார்ந்தார். "அய்யா, நீங்க வந்தப்பல்லாம் கதவத் திறந்தேன். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. உங்களுக்கு வேற உடம்பு கிடைக்கும். எனக்கும் இந்தப் புள்ளைக்கும் கிடைக்காது. திருப்பிக் குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போட்டார். ஒன்று தட்டையாக நின்றது. மற்றது துள்ளிச் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தொடக்கூடாது, கிடந்தபடியே பார்க்கவேண்டும் என்று அங்கிள் சொல்ல, அவர், சித்தப்பா, அம்மா, நான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா, எல்லோரும் தரையில் கன்னத்தை வைத்துக் குனிந்து பார்த்தோம். உருண்டை மேலே இருந்தது. அம்மா தரையிலிருந்து எழாமலே அழுதார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உடுக்கை கேட்டதில்லை. லிம் அங்கிள் காலமாகிவிட்டார், அம்மாவும் போய்விட்டார். அப்பா என்னோடுதான் இருக்கிறார். என் வீட்டுத் திரைச்சீலைகளில் சலவைத்தூள் வாசம் மட்டும்தான். போன வாரம் தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, முனீஸ்வரர் போய்விட்டதில் வருத்தம் உண்டா என்று இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"போகலம்மா," என்றார். "உங்கம்மா கேட்டதுக்காக எழுந்துக்காம உக்காந்திருக்காரு. அவ போன அன்னிக்கு, வாசல்ல மேளம் அடிச்சப்ப, ஒரு தடவ எழுந்துக்கப் பாத்தாரு. நாந்தான் நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வேணாம் அய்யா, அவகிட்ட வாக்குக் குடுத்துருக்கோம்னு சொல்லி உக்கார வச்சேன்."