பெரிய கிராணி வீட்டில் பேச்சுக்குத் தடை

மலாயாவில் அலோர் காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்பிகைபாகன் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தார். 1931-இல் அவருக்குக் கீழே நானூறு பேர். மேலே துரை ஒருவர் மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, கீழே பார்த்து அதட்டுவதும் மேலே பார்த்துக் குழைவதுமாகப் பதினாறு வருடங்களை ஓட்டியிருந்தார். அதட்டலுக்குத் தமிழ், குழைவுக்கு இங்கிலீஷ். வேறு எதற்கும் அவருக்கு மொழி தேவைப்படவில்லை.

நாற்பதை நெருங்கும்போது மகன் பிறந்தான். மகாலிங்கம் என்று பெயர் வைத்த கையோடு அவனை டாக்டராக்குவதென்றும் தீர்மானித்துவிட்டார். டாக்டருக்கு இங்கிலீஷ் வேண்டும். அது சுத்தமாக வர வேண்டுமானால் முதல் வார்த்தையே இங்கிலீஷாக இருக்க வேண்டும். அதற்கு முன் தமிழ் காதில் விழுந்தால் நாக்கு தடித்துவிடும். துரை வீட்டுக் குழந்தைகளைத் தூரத்திலிருந்து பார்த்து அவரே கண்டுபிடித்த விஞ்ஞானம் இது.

பிள்ளைக்கு ஆறு மாதமானபோது உத்தரவு பிறந்தது.

"பிள்ளைக்கு முன்னால ஒருத்தரும் தமிழ் கதைக்கப்படாது."

"எனக்கு இங்கிலீசு தெரியாதெல்லே?" என்றாள் மனைவி பாலாம்பிகை.

"தெரியாட்டிப் பேசாமல் இரும்."

அவள் பேசாமல் இருந்தாள். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். மாலையில் கிராணி வந்து மகனை மடியில் வைத்து இங்கிலீஷ் புகட்டுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் துரைக்கு எழுதும் கடிதங்களின் இங்கிலீஷ். தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன் என்று ஆரம்பித்து, தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடிப்பார். பிள்ளை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். அன்றைய பாடம் அத்துடன் முடியும்.

ஒரு வயது ஆயிற்று. ஒன்றரை வயதும் ஆயிற்று. எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கதிரேசு வந்து, பிள்ளையின் தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார். பிள்ளை சட்டென்று திரும்பினான்.

"காது நல்லாக் கேக்குது, அண்ணை. ரெண்டு வயசுக்குள்ள ஒரு சொல்லும் வராட்டி மலாக்காவில பெரிய டாக்குத்தரிட்டக் காட்டுங்கோ. வீட்டில ஆர் இவனோட கதைக்கிறது?"

"நான். இங்கிலீசில."

"ஓமோம். உங்கட இங்கிலீசுக்குத் துரையே மறுமொழி சொல்லுறேல்லை. பச்சைப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்?"

கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊமையோ என்ற பயம் அன்று முதல் ஆபீஸ் நாற்காலியிலும் அவரோடு உட்கார்ந்தது. டாக்டராக வேண்டாம், ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்ற அளவுக்கு இறங்கி வந்தார். உத்தரவை மட்டும் திரும்பப் பெறவில்லை. கிராணி போட்ட உத்தரவைக் கிராணியே மாற்றினால் தோட்டம் என்ன ஆவது?

பிள்ளைக்கு இரண்டு வயதாக ஒரு மாதம் இருந்தது. ஆயாக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவரச் சொன்னார் துரை. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பெரிய கிராணியின் கால் அங்கே பட்டதே இல்லை. ஆயா முனியம்மா இருபது குழந்தைகளுக்கு நடுவில் கஞ்சி ஊட்டியபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைகளும் சளைக்காமல் பதில் கொடுத்தன. "தண்ணி தா!" என்று ஒரு குரல் மற்றெல்லாக் குரல்களுக்கும் மேலாக அதட்டியது. கிராணி எட்டிப் பார்த்தார். புழுதியில் அம்மணமாக உட்கார்ந்து அதட்டியவன் மகாலிங்கம்.

"என்ர பிள்ளை இஞ்ச என்ன செய்யுது?"

முனியம்மா பதறி எழுந்தாள். "அம்மாதாங்கய்யா நாலு மாசமா கொண்டாந்து விடுறாங்க. வூட்டுல புள்ளகிட்ட பேச ஆளில்லையாமே. மூணாவது வாரமே வாயத் தொறந்துட்டான். இப்ப மூட வைக்கத்தான் முடியல."

"வீட்டில ஒரு சொல்லும் இல்லையே?"

"அங்க பேசக்கூடாதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும்ங்க."

தொழிலாளர் பிள்ளைகளோடு தன் டாக்டர் புழுதியில் கிடக்கிறான் என்ற கோபம் கிராணிக்கு வரத்தான் செய்தது. ஆனால் மகன் பேசுகிறான். அவர் கால்சட்டை மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அவன் எதிரில் குந்தினார்.

"பேசுங்கய்யா," என்றாள் முனியம்மா.

வாயைத் திறந்தார். துரைக்கு எழுதும் கடித இங்கிலீஷ் வந்தது, விழுங்கினார். நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை என்ற அதட்டல் வந்தது, அதையும் விழுங்கினார். இரண்டு மொழியில் வாழ்ந்த மனிதரிடம் இரண்டு வயதுப் பிள்ளைக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

மகாலிங்கம் பக்கத்துக் குழந்தையிடமிருந்து தகரக் குவளையைப் பிடுங்கும் வேலையில் இருந்தான். இடைஞ்சலாகக் குந்தியிருந்த ஆளை நிமிர்ந்து பார்த்தான்.

"போ!" என்றான்.

முனியம்மா தன் வேலை போயிற்று என்றே நினைத்தாள். கிராணியோ கூரையைப் பார்க்காமலே எழுந்து வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று.

"இஞ்சாரும்! கதைச்சுப்போட்டான்! என்னோடயே கதைச்சவன்!"

கள்ளம் பிடிபட்டதென்று நினைத்த பாலாம்பிகை அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன சொன்னவன்?"

கிராணி தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார்.

"போ எண்டவன்."

ஒன்றரை வருடமாக அடக்கிவைத்த சிரிப்பு அவளுக்குப் பீறிட்டது.

"நான் சொல்ல இருந்தது," என்றாள். "பிள்ளை முந்திப்போட்டான்."