எட்டாம் படி

வெயிலில் சூடான பிளாஸ்டிக் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு ஓர் ஏணி ஞாபகத்துக்கு வந்துவிடும். நிஜ ஏணி இல்லை. தடித்த தாளில் படமாக வரைந்து, கீழிருந்து மேலாக ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, "லேமினேஷன்" செய்த அட்டை. அதை என் மடியில் வைத்தபோது விரலெல்லாம் இறால் உரித்த பிசுக்கு. அட்டை அழுக்காகிவிடுமே என்று பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

சுனாமி அலை கொண்டுபோன குப்பத்துக்குப் பதிலாக, கடலூருக்குத் தெற்கே கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடுகளில் நாங்கள் குடியேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் பேனாவும் ஃபாரமுமாக யார் வந்தாலும் எங்கள் தெருவுக்கு அவர்கள் "நிவாரணக்காரங்க"தான். தெருமுனையில் தலை தெரிந்ததுமே அம்மா கலர் டிவியின்மேல் பழைய புடவையைப் போர்த்திவிடுவாள். மிக்சி இருக்கா? இல்லை. சைக்கிள்? இல்லை. கட்டில்? அதில் உட்கார்ந்துகொண்டே அப்பா இல்லை என்பார். ஆனால் சந்தோஷமா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டால் மட்டும் எங்கள் ஜனத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "எங்களுக்கு என்னாங்க கொறச்சல், ஜாஸ்தியாவே இருக்கோம்." பொருளைக் கேட்டால் இல்லை, மனசைக் கேட்டால் நிறைய. இந்தக் கூத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான். அதே கூத்து ஒருநாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்கென்ன தெரியும்!

மற்றவர்கள் ஒருமுறை வந்து போனதோடு சரி. விஜி அக்கா மட்டும் வருஷாவருஷம் அதே வீடுகளுக்கு வந்தாள். சிதம்பரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, ஜனங்களின் வருமானம், நிம்மதி, யார் என்ன படிக்கிறார்கள், வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சியில் வேலை பார்த்தாள். அவள் முதலில் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. எல்லோரிடமும் ஏணியை நீட்டியவள் என்னிடம் நீட்டவில்லை. "உனக்கு இன்னும் வயசு பத்தலடா. பதினஞ்சு ஆனாதான் கேக்கலாம். அடுத்த வருஷம் உன்னைத் தனியா வெச்சுக் கேக்கறேன்" என்றாள். நான் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டீர்களே என்று கேட்டதற்கு, "பேரே இருக்காது, வெறும் நம்பர்தான்" என்று சிரித்தாள். என்னை ஒருவர் தனியாக உட்காரவைத்து என் வாழ்க்கையைப் பற்றி என்னையே கேட்கப்போகிறார் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த ஒரு வருஷத்துக்குள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு என்னைக் கேட்டுவிட்டாள். பத்தாவது பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று அவளே நாளையும் பேசினாள். நானோ பிளஸ் ஒன் சேர்ந்து கடலூருக்கு பஸ்ஸில் போவதாக மனசுக்குள் ஜன்னலோர சீட்டே பிடித்து வைத்திருந்தேன். அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பொண்ணு மனசுல என்னா கீதுன்னு தெரியாம நான் வாக்கு குடுக்க மாட்டேன்க்கா" என்றார். ஆனால் அந்த மனசை அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. அப்பாவிடம் கல்யாணப் பேச்சை வாய்திறந்து பேசுகிற பெண்ணும் எங்கள் தெருவில் கிடையாது, பெண்ணிடம் அதைக் கேட்கிற அப்பாவும் கிடையாது. ஆகவே நான் விஜி அக்காவுக்காகக் காத்திருந்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாளே தவிர, என் விரல் ஒன்றிலோ இரண்டிலோ நிற்பதைக் கண்டால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவாள் என்பது என் கணக்கு.

வந்தாள். அன்றைக்கென்று பார்த்து அத்தையும் வந்திருந்தாள். "கொஞ்சம் வெளியில இருக்கீங்களா? இவளைத் தனியாத்தான் கேக்கணும்" என்று விஜி அக்கா இரண்டு தடவை சொன்னாள். அத்தை அசையவில்லை. "எங்க பொண்ணுகிட்ட எங்களுக்குத் தெரியாம என்னம்மா ரகசியம்? நீ பாட்டுக்குக் கேளு" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். விஜி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐந்து வீடு பாக்கி, அதற்குப் பிறகு சிதம்பரம் பஸ். அட்டை என் மடிக்கு வந்தது. "கீழ் படின்னா ரொம்பக் கஷ்டமான வாழ்க்கை, மேல் படின்னா நல்ல வாழ்க்கை. நீ எந்தப் படியில நிக்கிற?"

விரல் இரண்டாம் படிக்குத்தான் போனது, சத்தியமாக. அத்தை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பெற்ற பெண் இரண்டு என்றால் இந்த வீட்டில் அவளுக்குச் சோறுகூடப் போடுவதில்லை என்றல்லவா தெரு பேசும்! கண்மூடித் திறப்பதற்குள் விரல் மேலே ஏறிவிட்டது. பத்து என்றால் பொய் என்று தெரிந்துவிடும் என்று பயந்து எட்டில் நிறுத்தினேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடா."

"எட்டுதான்க்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு குனிந்து எழுதினாள். அடுத்த கேள்வி, வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்பது.

கடலிலிருந்து வந்த அப்பா கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "பொண்ணு மனசு, பொண்ணு மனசுன்னியேடா தம்பி! கவர்மெண்டு நோட்டுலயே எழுதிக்கினு போயிட்டாங்க. எட்டாம் படியாம்! இதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்கு?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்டியாம்மா?" என்றார். அவர் என் மனசைக் கேட்டது அந்த ஒரே தடவைதான். நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்தத் தலையாட்டலுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ரிசல்ட் வருவதற்கு முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்திருந்தேன். மார்க் ஷீட் வாங்கப் போனபோது காலில் புது மெட்டி. அடுத்த வருஷம் விஜி அக்கா வந்து, வீட்டு ஆட்களின் பட்டியலில் என் பெயருக்கு நேரே "திருமணமாகி வெளியேறினார்" என்ற கட்டத்தில் டிக் அடித்தாளாம். "ஒன்னைத்தான் கேட்டுச்சு. அப்புறம் அந்தக் கட்டத்தையே பாத்துக்கினு உக்காந்திருந்துச்சு" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் நல்லவர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். கடலை விட்டுச் சிதம்பரம் வந்தோம், தபாலில் பிளஸ் டூவும் டிகிரியும் முடித்தேன், இன்று ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரார் ரேஷன் கார்டுகளுக்கெல்லாம் லேமினேஷன் போட்டுக்கொண்டு அந்த வாடையோடுதான் பிழைப்பு. ஆனாலும் அந்த ஜன்னலோர சீட்டு போனது போனதுதான். யாரையும் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை, காட்டிய விரல் என்னுடையதாயிற்றே.

போன மாதம் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். அட்டையைக் காணோம், ஏணி கைக்கணினிக்குள் போய்விட்டது. பதினைந்து வயதாகும் என் மகளைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றாள். இப்போது எங்களோடு இருக்கும் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி, "எங்க பொண்ணுகிட்ட எங்களுக்குத் தெரியாம..." என்று தொடங்கினாள். கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

வாசல் வெயிலில் இரண்டு பேரும் நின்றோம்.

"உள்ள என்னாடி சொல்லுவா?"

"அது அவ சமாச்சாரம் அத்தை."

சாத்திய கதவையே பார்த்தபடி, "நீ அன்னிக்கு எட்டுன்னியே, அது நெசந்தான?" என்றாள்.

"இல்ல அத்தை. ரெண்டு."

அந்தக் காங்கிரீட் வீடு விற்றாகிவிட்டது, விஜி அக்கா எங்கே இருக்கிறாளோ தெரியாது. இதைக் கேட்டிருக்க வேண்டிய அப்பாவும் இப்போது இல்லை.